நடனத்தைக் கல்லூரிப் பாடமாகப் பயிலலாமா?

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொறியியல், செவிலியம், ஆசிரியர் பயிற்சி, அரசுத் தேர்வு ஆகியவற்றுள் ஒன்றைப்பற்றியே நாம் பேசுவோம் என்று உங்களில் பலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் நடனம். அதனைக் கல்லூரியில் முதன்மைப் பாடமாகவோ துணைப் பாடமாகவோ நம் பிள்ளைகள் பயிலலாமா என்பதே இன்றைய வினா. பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

இப்பொருளை நாம் தேடிப் போகவில்லை. அதுவே நம்மைத் தேடி வந்தது. கழகத்தின் கல்வி உதவிக் குழுவிற்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, பரதநாட்டியத்தில் இளநிலைப் பட்டம் பயில விரும்பும் ஒரு மாணவியுடையது. தாயார் உப்பளத்தில் வேலை செய்பவர். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. வேலை இல்லையெனில் கூலி இல்லை. அம்மாணவி ஜவகர் சிறுவர் மன்ற வார இறுதி வகுப்புகளில் ஆடக் கற்றவர். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெற்றுவரும் கலைத் திருவிழாவில் மாவட்ட அளவில் பரிசும் பெற்றவர். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் பெற்ற மதிப்பெண்ணுக்கு வேறு எந்தப் பாடமும் கிடைக்கும். எனினும் அவர் கேட்பது நடனம். உதவிக் குழுவில் பெரியவர் இருவர் இதற்கு இசையவில்லை. அவர்கள் கூறிய காரணங்கள் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. ஆகவேதான் அவற்றைப் பொது அவையில் வைத்துப் பேச விழைந்தோம்.

அவர்களுள் ஒருவர் சொன்னது இது: "ஆட்டத்திலிருந்தும் கொட்டிலிருந்தும் தப்பித்து வருவதற்கே நமக்கு இரண்டு தலைமுறை ஆயிற்று. மறுபடியும் பிள்ளைக்குச் சலங்கை கட்டி விடுவதா?"

இதன் பொருள் நம் மக்களுக்குத்தான் முழுமையாக விளங்கும். நம் பாட்டனார் காலத்தில் பறையடித்தல் என்பது கலை என்ற பெயரால் அழைக்கப்படவில்லை. அது ஊருக்குச் செய்யும் ஊழியம். சாவு விழுந்தால் அழைப்பு வரும். போகாவிட்டால் வசவும் அடியும் வரும். கூலியாகச் சில படி நெல் வரும். 1980-களிலும் 1990-களிலும் தென் மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் நம் இளைஞர்கள் "இனிப் பறையடிக்க மாட்டோம்" என்று கூறி மறுத்தார்கள். அந்த மறுப்புக்காக அடிபட்டவர்கள் உண்டு; வயல் வேலை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. இந்த அவையிலேயே அப்படிப்பட்டவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மறுப்பினால்தான் நாம் பள்ளிக்கூடத்தின் முன்வரிசைக்கு வந்தோம். அதனைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் அதே ஆண்டுகளில் மற்றொன்றும் நிகழ்ந்தது. சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்த கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடல்களையும் ஆட்டங்களையும் திரட்டி, அவற்றையே பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாக்கினார். முனைவர் பட்டம் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறைப் பேராசிரியரானார். பின்னர் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 2005-இல் வெளிவந்த அவருடைய "வடு" என்னும் தன்வரலாற்றை நம் கழக நூலகத்தில் மாணவர்கள் கேட்டு வாங்கிப் படிக்கலாம். 2016-இல் அவர் மறைந்தார். எந்த ஒலிக்காக ஊர் நம்மைத் தள்ளி வைத்ததோ, அதே ஒலியைப் பல்கலைக்கழக மேசைக்குக் கொண்டுபோனவர் நம்மில் ஒருவர்.

திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்னும் அமைப்பு, பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்து அடிக்கவும் ஆடவும் பயிற்றுவித்து வருகிறது. ஆண்கள்கூட வெட்கி மறைத்த தோற்கருவியை நம் பெண்பிள்ளைகள் அரங்கில் நிமிர்ந்து நின்று முழக்குகிறார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் பிடித்த கைக்கு நாட்டின் விருது வருமென்று நம் பாட்டனாரிடம் கூறியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

இனி, மாணவி கேட்பது பறையாட்டம் அன்று, பரதநாட்டியம். அது நமக்கு உரியதா என்று ஒரு கேள்வி எழலாம். அக்கலையின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தோர் அறிவர். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவு ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வோர் ஆசிரியருக்கும் இன்னின்ன தகுதி வேண்டும் என்று இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். பாடத்திட்டம், பயிற்சிக் காலம், ஆசிரியர் தகுதி, தேர்வு, பரிசு ஆகிய அனைத்தும் அங்கே உள. நடனத்தைப் பாடமாகப் படிப்பது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்போர் இதனைக் கருதுதல் வேண்டும்.

ஆனால் காலப்போக்கில் ஆடுவோர் இழிந்தோராயினர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் என்றால் நாகரிகமானோர் முகம் சுளிக்கும் நிலை. 1930-களில் அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-இல் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பெருங்குடும்பத்துப் பெண்கள் வரிசையாகக் கற்க வந்தனர். 1947-இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அது தேவையான சட்டமே; அதில் நமக்கு ஐயமில்லை. எனினும் இருபது ஆண்டுகளுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். அடவுகள் பெரும்பாலும் அவையே. தாளமும் அதுவே. தஞ்சை நால்வர் வகுத்த வரிசையும் அதுவே. ஆடுவோர் மாறினர், கற்பிக்கும் இடம் மாறிற்று, கையில் ஒரு சான்றிதழ் வந்தது. உடனே இழிவு புகழாயிற்று. அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களுள் பாலசரசுவதியைப் போன்ற வெகுசிலரே அரங்கில் எஞ்சினர். அவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் அளவுக்கு உயர்ந்தாரெனினும், அவரைப் போன்ற வாய்ப்பு அவருடைய குலத்துப் பிற பெண்களுக்குக் கிட்டவில்லை.

இதனை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? ஒரு கலை கல்லூரிக்குள் நுழையும்போது, அதை வைத்திருந்தவர்கள் வெளியே நிற்க நேரலாம். பறையும் ஒயிலும் கரகமும் இன்று கல்லூரிக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. நாம் அடித்தபோது ஊழியம், பிறர் அடித்தால் கலை என்றாகிவிடக் கூடாது. அத்துறையின் பேராசிரியர் நாற்காலியில் நாளை அமரப்போகிறவர் நம் பிள்ளையா, அல்லது நம் பிள்ளைகளைப்பற்றிக் கட்டுரை எழுத வந்த வேறொருவரா என்பது, இன்று நாம் எந்த விண்ணப்பத்தை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

உலகில் முதன்முதலாக நடனத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு 1926-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டது. அதனை நிறுவிய மார்கரெட் ஹடப்ளர் அம்மையார் உயிரியல் படித்தவர். வகுப்பறையில் எலும்புக்கூட்டை நிறுத்தி மூட்டுகளின் இயக்கத்தை விளக்கியவர். அதே நாட்டில், நிறவெறி மிகுந்திருந்த காலத்தில், கறுப்பினப் பெண்ணான கேத்தரின் டன்ஹம் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றார். 1935-இல் ஓர் உதவித்தொகை பெற்று ஜமைக்கா, ஹெயிட்டி முதலிய தீவுகளுக்குச் சென்று, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தம் முன்னோரின் ஆட்டங்களைக் கற்று எழுதினார். பின்னர் அவற்றையே உலக அரங்குகளில் ஆடினார். அந்த உதவித்தொகைக் குழுவில் "ஆட்டத்திற்கா பணம்?" என்று எவரேனும் தடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நம் குழுவினர் எண்ணிப் பார்ப்பாராக.

நம் நாட்டில் பல்கலைக்கழக அளவில் நடனப் பட்டப்படிப்பைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒன்று பரோடா. இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1880-இல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண்ணை மணந்ததை ஒட்டித் தஞ்சையின் ஆடற்குழு ஒன்று அவ்வரண்மனைக்குச் சென்றது. அதே மன்னர்தாம் 1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்ல உதவித்தொகை வழங்கியவர்.

நமக்கு இன்னும் அண்மையில், அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஒரு சான்று இருக்கிறது. ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணன் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். ஆட்டோ ஓட்டிப் பின்னர் நடிகராகப் புகழ்பெற்ற கலாபவன் மணியின் தம்பி. அவர் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் மோகினியாட்டம் பயின்றார். பெண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ஆட்டத்தில் பட்டமேற்படிப்பும் முனைவர் பட்டமும் முடித்தார். 2024 மார்ச்சில் நடன ஆசிரியை ஒருவர், கறுப்பு நிறத்தவர் மோகினியாட்டம் ஆடலாகாது என்னும் கருத்துப்படப் பேசினார். நாடே கொதித்தது. வழக்குப் பதிவாயிற்று. சில நாட்களில் கேரளக் கலாமண்டலம் அவரை அழைத்துத் தன் மேடையில் ஆடச் செய்தது; ஆண் மாணவர்களையும் மோகினியாட்டத்தில் சேர்க்க முடிவெடுத்தது. 2025 சனவரியில் அதே கலாமண்டலத்தில் பரதநாட்டிய உதவிப் பேராசிரியராக அவர் பணியேற்றார்.

நம் பிள்ளைகளே, இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இழிவுரை வந்தபோது அவர் கையில் முனைவர் பட்டம் இருந்தது. நன்றாக ஆடுவான் என்ற பெயர் மட்டும் இருந்திருந்தால் அனுதாபம் கிடைத்திருக்கும்; பேராசிரியர் பதவி கிடைத்திராது.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் அவர்களையும் இங்கு நினைக்கிறோம். திருநங்கை என்பதால் வீட்டிலும் வெளியிலும் புறக்கணிக்கப்பட்ட அவர், தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பயின்று 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இனி வயிற்றுப்பாட்டைப் பேசுவோம். உதவிக் குழுவின் இரண்டாவது பெரியவர் கேட்டது அதைத்தான்: "படித்து முடித்து எங்கே வேலை?"

உண்மையை மறைத்து ஆசை காட்டுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. நடனப் பட்டம் பெற்றவர் பி.எட். முடித்துக் கணிதம், தமிழ் ஆசிரியர்களைப்போல் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகிவிடலாம் என்று எண்ணிவிடலாகாது, அவ்வழி இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர் உண்டு. நடனத்திற்கு அத்தகைய பணியிடம் இல்லை. மேடை நிகழ்ச்சியால் மட்டும் குடும்பம் நடத்துவோர் மிகச் சிலரே. பக்க இசைக்காரருக்குக் கொடுத்தபின் ஆடியவர் கையில் ஒன்றும் எஞ்சாத மேடைகளே மிகுதி.

ஆனால் வேறு வழிகள் உள. பட்டமேற்படிப்பு முடித்துத் தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். அத்தேர்வில் நடனமும் நாடகமும் அடங்கிய நிகழ்கலை ஒரு தனிப் பாடமாகவே உள்ளது. அதில் தேறினால் கல்லூரி ஆசிரியராகும் தகுதியும், உயர்ந்த மதிப்பெண் பெற்றால் ஆய்வு உதவித்தொகையும் கிடைக்கும். தனியார் பள்ளிகளில் நடன ஆசிரியர்கள் பணிபுரிகின்றனர். சொந்தமாக வகுப்பு நடத்தலாம். மேலும், அரசுப் பணித் தேர்வுகளில் "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கும் இடங்களுக்கு இப்பட்டமும் பட்டமே. ஆகவே நடனம் படித்தவருக்கு மற்ற கதவெல்லாம் அடைபட்டுவிடும் என்பது சரியன்று.

உறுதியான வேலை என்று நாம் நம்பியவையும் உறுதியாக நின்றனவா? இக்கடற்கரையில் முத்துக்குளித்தல் என்ற ஒன்றைச் சுற்றி ஓர் ஊரே வாழ்ந்தது. 1961-க்குப் பின் அது நடைபெறவில்லை. 1974-இல் பெரிய துறைமுகம் வந்தபோது மூட்டை தூக்கும் வேலை என்றும் நிலைக்கும் என்று நம் தந்தையர் எண்ணினர். பின்னர்ச் சரக்குப் பெட்டகங்களும் பாரந்தூக்கிகளும் வந்தன.

எங்கே படிக்கலாம் என்பதற்கு வருவோம். ஏழாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்குப் பரதநாட்டியத்தில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி தரும் மாவட்ட அரசு இசைப்பள்ளி நம் தூத்துக்குடியிலேயே உள்ளது. நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாயிலைக் கண்டிருக்கிறார்கள்? பட்டப்படிப்புக்கு, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் அதன்கீழ் உள்ள அரசு இசைக் கல்லூரிகளும் உள. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உண்டு; திருச்சிராப்பள்ளியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி உண்டு; சென்னையில் கலாக்ஷேத்திரா உண்டு. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, என்ன கட்டணம் என்பதை அவ்வாண்டின் விளக்கக் கையேட்டில் பார்த்தபின்னரே பணம் கட்ட வேண்டும். அங்கீகாரமுள்ள பட்டமா என்று கேட்காமல் எவரிடமும் சேர வேண்டா.

ஆடும் உடல்வாகு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆட்டத்தைப்பற்றி ஆராய்வதும் இதே துறைதான். இங்கிருந்து 50 கிலோமீட்டருக்குள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. அங்கு நாட்டார் வழக்காற்றியல் தனித் துறையாக வளர்ந்தது. தமிழையோ வரலாற்றையோ முதன்மைப் பாடமாகப் படித்துவிட்டு, கலையைத் துணையாகக் கொண்டு அத்துறைக்குள் செல்லலாம். களம் தேடி அலைய வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் வேடமணிந்து ஆடும் குழுக்கள், சுடலைமாடன் கொடையில் மகுடம் அடித்து ஆடும் கணியான்கள், ஜமீன் கோடாங்கிபட்டித் தேவராட்டம், கடற்கரை ஊர்களின் களியல், நம் தெருக்களின் பறையும் ஒயிலும் யாவும் நாம் பேருந்தில் ஏறிப் பார்க்கக்கூடிய தொலைவில்தான் உள்ளன. நா. வானமாமலை இந்த நெல்லைச் சீமையில் இருந்துகொண்டே நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். நம் கழகத்தின் இளைஞருள் ஒருவர்கூட இதுவரை தம் தெருவின் அடிவகைகளைக் குறித்து வைக்கவில்லை. அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டம் பெறுவதற்குப் பெருஞ்செலவில் அரங்கேற்றம் நடத்தத் தேவையில்லை. அதற்காக எவரும் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டா. ஆதிதிராவிடர் மாணவர்க்கான கல்வி உதவித்தொகை நுண்கலைப் பட்டப்படிப்புக்கும் உரியது. கிறித்தவம் தழுவிய நம் மக்களுக்கும் தமிழ்நாட்டில் அச்சலுகை உண்டு. தெரியாமல் விட்டுவிடுவோர் இக்கரையில் பலர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்க்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை வைத்துள்ளது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு டில்லியிலுள்ள பண்பாட்டு வள, பயிற்சி மையம் தேர்வு நடத்தி உதவுகிறது. மரபுக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பறையடித்த குடும்பம் என்று எழுதித் தருவதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

தாய்மார்கள் கேளாமல் கேட்கும் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா? 2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்திராவின் கல்லூரி மாணவியர், பாலியல் தொல்லை குறித்துப் போராடினர். ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார். இதை மறைத்துவிட்டு "அச்சமின்றி அனுப்புங்கள்" என்று நாம் கூற மாட்டோம். ஆனால் அத்தகைய தொல்லை பொறியியல் கல்லூரியில் இல்லையா? உப்பளத்தில் இல்லையா? அங்கெல்லாம் நாம் நம் பெண்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் நாளன்றே அக்குழுவின் தலைவர் யார், எந்த எண்ணில் பேசலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்கினால் நம் கழகத்தின் செயலாளர் உடன் வருவார்.

கழகச் செயற்குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. உதவித்தொகை விதிகளில் "தொழிற்கல்வி மற்றும் ஆசிரியர் பயிற்சி" என்று இருக்கும் சொற்களோடு "நுண்கலை, நிகழ்கலைப் பட்டப்படிப்பு" என்பதையும் சேர்க்க வேண்டும். அப்படி உதவி பெறும் பிள்ளை மற்றவரைப்போல் ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். கோடை விடுமுறையில் நம் சிறுவர்க்கு ஒரு மாதம் கற்பிக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் விண்ணப்பித்தாலும் இதே விதி பொருந்த வேண்டும். இச்செலவால் நம் நிதி குறைந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம்: ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வரும்போது அவற்றுள் ஒன்றுதான் இது.

அம்மாணவியின் விண்ணப்பம் இன்னும் முடிவு செய்யப்படாமல் இருக்கிறது. விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இவ்விழா முடிந்ததும் செயற்குழு கூடவிருப்பதாக அறிகிறோம். அம்மாணவியும் தாயாரும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். முடிவை அவர்களிடம் இன்றே நேரில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.